வாவிக்கரைச் சிலைகள்: நடுதலும் வாழ்த்துதலும்

கல்லை நாட்டி மாந்தரை நினைவுகூர்தல் தமிழர்க்குப் புதிய வழக்கன்று. போரிற் பட்ட வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது. தக்க கல்லைத் தேர்ந்து காணுதல் காட்சி. அதனைக் கொணர்தற்குரிய செயலைத் தொடங்குதல் கால்கோள். கொணர்ந்த கல்லை நீராட்டுதல் நீர்ப்படை. நிலத்தில் நிறுத்துதல் நடுகல். வீரனுடைய பீட்டைப் புலப்படுத்திச் சிறப்புச் செய்தல் பெரும்படை. ஈற்றில் நிற்பது வாழ்த்தல். இவ்வாறனுள் கல்லை நடுதல் நான்காம் நிலையே என்பது கருதத்தக்கது. நட்ட அளவிற் கடமை முடிந்தது என்று முன்னோர் கொண்டாரல்லர். நட்ட கல்லை மக்கள் நாவும் கையும் தொடர்ந்து போற்றும்போதே அது நினைவுக் கல்லாகும். அன்றேல் வெறுங் கல்லாகும்.

இம்முறையே சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்துக்கும் அடிப்படையாயிற்று. சேரன் செங்குட்டுவன் இமயத்திற் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, கனக விசயர் தலையில் ஏற்றி வந்து, வஞ்சியிற் கண்ணகிக்குக் கோயில் கண்டான் என்பது அக்காண்டம் கூறும் வரலாறு. அவ்விழாவிற்கு வந்திருந்தோருள் இலங்கைக் கயவாகு மன்னனும் ஒருவன் என்று இளங்கோவடிகள் குறிப்பிடுகின்றார். அவ்வழியே இலங்கைக்கு வந்ததாகக் கருதப்படும் கண்ணகி வழிபாடு, மட்டக்களப்புப் பிரதேசத்தில் இற்றைவரை உயிர்ப்புடன் நிலவுகின்றது. ஆகவே, கல் நடுதற்கும் வாழ்த்துதற்கும் இடையே உள்ள தொடர்பை ஆராய்வதற்கு இப்பிரதேசத்தின் வாவிக்கரைகள் மிகப் பொருத்தமானவை. உருவமே இல்லாத நினைவும், ஆண்டுக்கொருமுறை மட்டும் வெளிப்படும் உருவமும், நாற்சந்தியில் நாள் முழுவதும் நிற்கும் உருவமும் ஆகிய மூன்றையும், வடக்கே பனிச்சங்கேணியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் ஒரே நீர்க்கரை வழியிற் காணலாம்.

பனிச்சங்கேணி

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபால், வாகரைப் பகுதியில், உப்பாறு எனப்படும் களப்பு கடலை அணுகுமிடத்தில் அமைந்துள்ள சிற்றூர் பனிச்சங்கேணி. இப்பெயரைப் பனிச்சை என்றும் கேணி என்றும் பிரித்தல் எளிது. பனிச்சை நீர்க்கரையில் வளரும் மரம். அதன் காயிலிருந்து வடியும் துவர்ச்சாற்றில் வலைகளைத் தோய்த்து உரமேற்றுதல் பருத்தி நூல் வலை வழங்கிய காலத்து மீனவர் வழக்கம். நைலோன் வலை வந்தபின் அத்தொழில் அருகிற்று. மரத்தின் நினைவு ஊர்ப்பெயரிலே தங்கிற்று. நினைவு தங்குதற்குக் கல் இன்றியமையாததன்று என்பதற்கு ஊர்ப்பெயரே முதற் சான்றாகின்றது.

வாகரைப் பகுதியின் பழங்குடிகள் கரையோர வேடராவர். உள்நாட்டுக் காடுகளில் வாழ்ந்த வேடரினின்று வேறுபட்டு, இவர்கள் தமிழைப் பேசுமொழியாகக் கொண்டு, களப்பிலும் கடலிலும் மீன்பிடித்தும், சேனை செய்தும், காட்டிலே தேனெடுத்தும் வாழ்ந்தவர்கள். செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றி எழுதி 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் இவர்களையும் தனியே எடுத்துப் பேசுகின்றது. இறந்த முன்னோரைத் தெய்வநிலையில் வைத்துப் போற்றுதலும், கடல் வழியே வந்தனவாகக் கருதப்படும் கப்பல் தெய்வங்களை வேண்டுதலும் இவர்களுடைய சடங்குகளுள் அடங்கும். இச்சடங்குகளுக்குக் கோபுரமும் இல்லை. கருங்கற் படிமமும் இல்லை. கம்பும் கொடியும் குழையும் கொண்டு பந்தல் எழுகின்றது; தெய்வம் உருவேறி ஆடுகின்றது; சடங்கு முடிந்ததும் பந்தல் கலைகின்றது. அடுத்த சடங்கில் அதே பந்தல் மீண்டும் எழவேண்டுமாயின், அதனைக் கட்டத் தெரிந்த கைகளும் அதற்குரிய பாடலை அறிந்த நாவும் ஊரில் இருத்தல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அதனைத் தொடர்ந்து 2006, 2007 ஆகிய ஆண்டுகளின் போரில் வாகரை மக்கள் இடம்பெயர்ந்தனர். கல்லால் எழுந்த அடையாளம் மட்டுமே அவர்களுடைய நினைவாயிருந்திருப்பின் அதனைத் தூக்கிச் செல்லுதல் இயலாது. பாடலையும் முறையையும் நெஞ்சிற் சுமந்து சென்றமையால், மக்கள் ஊர் திரும்பியபோது சடங்கும் உடன் திரும்பியது. தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளுள் நடுகல் இன்றியே வாழ்த்தல் நிலைபெற்ற இடமெனப் பனிச்சங்கேணிக் கரையைச் சொல்லலாம்.

எழுவான்கரையும் படுவான்கரையும்

பனிச்சங்கேணியிலிருந்து தெற்கே வாழைச்சேனைக் களப்பைக் கடந்து, கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்த வந்தாறுமூலையையும் தாண்டிச் செல்ல, மட்டக்களப்பு வாவி விரிகின்றது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி, கடலோரத்தை உட்புறத்தினின்று பிரித்துக் கிடக்கின்றது. ஞாயிறு எழும் பக்கத்துக் கரையை எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் பக்கத்துக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். எழுவான்கரையில் தென்னையும் மீன்பிடியும் நெசவும். படுவான்கரையில் நெல்வயலும் மாட்டுப்பட்டியும். இரு கரைகளையும் தோணியும் துறையும் இணைத்தன.

இவ்விரு கரைகளிலும் கண்ணகி வழிபாடு வேரூன்றியுள்ளது. செட்டிபாளையம், ஆரையம்பதி ஆகிய ஊர்களிலும், பின்னர் அம்பாறை மாவட்டத்துட் சேர்ந்த காரைதீவு, தம்பிலுவில் ஆகிய ஊர்களிலும் உள்ள கண்ணகை அம்மன் ஆலயங்கள் பெயர்பெற்றவை. இப்பிரதேசத்துக் கண்ணகை அம்மன் கோயில்கள் பல, ஆண்டு முழுவதும் மூடியிருந்து வைகாசி மாதத்திற் சடங்கிற்காகக் கதவு திறக்கப்படுவன. அக்காலத்தே அம்மனின் முகக்களை வெளிவருகின்றது, கலியாணக்கால் நடப்படுகின்றது, கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது, ஈற்றிற் குளிர்த்தி பாடி, மதுரையை எரித்த சினத்தை நீரால் ஆற்றுகின்றனர். கங்கையிற் செய்த நீர்ப்படையும் வாவிக்கரையிற் செய்யும் குளிர்த்தியும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் போலும். வேறுபாடு யாதெனின், செங்குட்டுவன் ஒருமுறை செய்ததை இம்மக்கள் ஆண்டுதோறும் செய்கின்றனர்.

வாவியின் தென்பால் மண்டூரில் உள்ள முருகன் ஆலயத்தில், கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிப் பூசை செய்கின்றார். மூலத்தானத்தைத் திரை மறைக்கின்றது. கண்ணாற் காணும் உருவத்திலும் காணாத உருவத்தின்பால் மக்கள் நாட்டம் மிகும் என்பதற்கு இவ்வாலயம் எடுத்துக்காட்டு.

கல்லுருவம் ஒன்றைச் சுற்றியே கதை வளர்ந்த இடமும் படுவான்கரையில் உண்டு. அது கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயம். கோயிலை அழிக்க வந்த பறங்கித் தலைவன் ஒருவன், அங்கிருந்த கல் நந்தியைச் சுட்டி, இது புல் தின்னுமோ என்று எள்ளி வினவினான். உடனே நந்தி எழுந்து புல்லைத் தின்றது. தலைவன் அஞ்சி அகன்றான் என்பது ஐதிகம். வரலாற்றாசிரியன் இதனை நிகழ்ச்சியாகக் கொள்ளான். ஆயின் இதனுட் பொதிந்த உண்மையைப் புறக்கணிக்கவும் மாட்டான். ஊரவர் நம்பிக்கை தாங்கி நிற்கும் கல், பகைவன் கண்ணுக்கும் உயிருடையதாகத் தோன்றும் என்பதே அக்கதையின் உட்பொருள்.

கலைக்கூடங்கள்

உருவங்களைக் கூறுமிடத்து, அவற்றைச் சமைக்கும் கைகளையும் கூறுதல் வேண்டும். மட்டக்களப்பின் பழைய கலைக்கூடம் நான்கு சுவர்களுக்குட்பட்ட அறையன்று. தேர்ச்சில்லைக் கடையும் தச்சனுக்கு ஆலய வீதி மரநிழல் பட்டறையாயிற்று. கோபுரத்திற் சுதையுருவம் சமைப்பவனுக்குச் சாரமே பணியிடம். கூத்துக் கலைக்கோ ஊர்வெளியில் மண்ணணைத்து எழுப்பிய வட்டக்களரியே கூடமும் அரங்குமாயிற்று.

வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளுக்கும் வேண்டிய முடிகளும் அணிகளும் மெல்லிய மரத்தாற் செய்யப்பட்டு, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் பதிக்கப்பட்டன. வடமோடி அரசர் அணியும் கரப்புடுப்பு, மீன்பிடிக்கும் கரப்பைப் போலக் கீழே விரிந்து நிற்பது. வாவியில் மீன்பிடிக்கும் கருவியின் வடிவம் அரசனின் உடையாக மாறியது, கலை எங்கிருந்து பிறக்கின்றது என்பதை எவ்வுரையினும் தெளிவாகக் காட்டுகின்றது. பல திங்கள் அண்ணாவியாரிடம் பழகிய பின் அரங்கேறும் கூத்து, ஓரிரவில் விடிந்து முடிகின்றது. பின்னர் முடியும் உடுப்பும் பெட்டிக்குட் செல்கின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டிற் கர்ணன் போரையும், 1964ஆம் ஆண்டில் இராவணேசனையும் மேடையேற்றியபோது, இவ்வூர்க்கூத்து நாடறிந்த கலையாயிற்று. அதே 1964ஆம் ஆண்டில் வித்துவான் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலும் வெளிவந்து, இப்பிரதேசத்தின் வழக்காறுகளை ஏட்டில் நிலைநிறுத்தியது.

பிற்காலத்தே கலைக்கூடம் கல்விக்கூடமாயிற்று. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடியில் 1982ஆம் ஆண்டிற் சுவாமி விபுலானந்தர் பெயரால் இசை நடனக் கல்லூரி ஒன்று தோன்றியது. பின்னர் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்தது. இசையும் நடனமும் நாடகமும் மட்டுமன்றி ஓவியம், சிற்பம் முதலிய கட்புலக் கலைகளும் அங்கே பயிற்றப்படுகின்றன. பரம்பரையாகத் தந்தையிடம் மைந்தன் கற்ற தொழிலைப் பல ஊர் மாணவர் ஒருங்கு கற்கும் நிலை இதனால் உண்டாயிற்று.

புளியந்தீவும் அதன் சிலைகளும்

மட்டக்களப்பு நகரின் இதயம் வாவி நடுவே உள்ள புளியந்தீவு. 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை அமைத்தனர். 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து அதனைக் கைப்பற்றினர். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. இரு புறம் வாவியும் இரு புறம் அகழியும் சூழ்ந்த அக்கோட்டையே இக்கரையில் எழுந்த பெருங்கட்டடங்களுள் முற்பட்டது. அது மக்களை நினைவுகூர எழுந்ததன்று. மக்களை ஆள எழுந்தது.

தனிமனிதரை நினைவுகூரும் பொதுச்சிலைகள் பின்னரே தோன்றின. வாவித்துறையின் வாயிலருகே நிற்பது வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை. 1814ஆம் ஆண்டில் மெதடிஸ்த திருச்சபையின் தூதராக இங்கு வந்திறங்கிய அவர், பள்ளிகள் நிறுவி, மறு ஆண்டு ஏப்பிரல் மாதத்திலேயே இங்கு உயிர்நீத்தார். ஓராண்டும் நிறையாத அவருடைய பணியின் விதையிலிருந்தே மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி வளர்ந்தது. சமயம் வேறாயினும் கல்வி தந்தவனை மறவாத பண்பு இச்சிலையால் விளங்குகின்றது.

இவ்வாவிக்குரிய தனிச்சிறப்பு அதன் இசை. நிலவொளி பரந்த இரவில், கல்லடிப் பாலத்தருகே தோணியில் இருந்து துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைச் செவியில் வைத்தால், நீரடியில் மெல்லிய நாதம் கேட்கும் என்பர். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் அவ்வொலியைக் கேட்டுத் தம் நூலிற் பதிந்துள்ளார். மீனவர் அவருக்கு ஊரி வகையைக் காட்டி, அவையே ஒலிப்பன என்றனர். மீன்பாடும் தேனாடு என்னும் பெயர் இதனால் வந்தது. அந்நாதத்தை நீரர மகளிர் இசையாகக் கண்டவர் சுவாமி விபுலானந்தர்.

1892ஆம் ஆண்டிற் காரைதீவிற் பிறந்து மயில்வாகனன் என்னும் பெயருடன் வளர்ந்த அடிகளார், 1924ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் பணியேற்றார். பழந்தமிழர் யாழை மீட்டெடுத்த யாழ்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரங்கேறியது. மறு மாதம் 19ஆம் நாள் அவர் மறைந்தார். கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் சூழலிலேயே அவருடைய சமாதி அமைந்தது. நகரில் அவருக்குச் சிலையும் எழுந்தது. மண்டூரிற் பிறந்து, பகவத்கீதையை வெண்பாவாகத் தந்த புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளைக்கும் (1899–1978) சிலை எழுந்தது. திரைக்குப் பின் தெய்வத்தை மறைத்துப் போற்றும் ஊரிற் பிறந்த புலவரை நகரம் வெட்டவெளியில் நிறுத்திப் போற்ற முனைந்தது. காந்தியடிகளுக்கும், சாரணர் இயக்கந் தோற்றுவித்த பேடன் பவலுக்கும் அவ்வாறே சிலைகள் அமைந்தன.

ஓரிரவின் அழிவு

2012ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஓரிரவிலே, காந்தியடிகள், விபுலானந்தர், புலவர்மணி, பேடன் பவல் ஆகிய நால்வர் சிலைகளும் மட்டக்களப்பிற் சேதப்படுத்தப்பட்டன. ஒருவர் அகிம்சையைப் போதித்தவர், ஒருவர் துறவி, ஒருவர் புலவர், ஒருவர் சிறுவர்க்குச் சேவை பழக்கியவர். நால்வருள் எவரும் வாளேந்தி இவ்வூரை ஆண்டாரல்லர். அச்செயலுக்கு நகர மக்கள் மனம் நொந்தனர்.

இத்தகைய நிலை மட்டக்களப்பிற்கு மட்டும் நேர்ந்ததன்று. சென்னை மெரினாக் கடற்கரை தமிழகத்துப் பொதுச்சிலைகளின் பெருவீதி. தேவி பிரசாத் ராய் சௌத்ரி சமைத்த உழைப்பாளர் சிலை 1959ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்டது. 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது கண்ணகி, வள்ளுவர் முதலானோர்க்கும், போப், கால்டுவெல், வீரமாமுனிவர் ஆகிய பிறநாட்டுத் தமிழறிஞர்க்கும் சிலைகள் எழுந்தன. அங்கிருந்த கண்ணகி சிலை 2001ஆம் ஆண்டு டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006ஆம் ஆண்டு ஜூனில் மீண்டும் நிறுத்தப்பட்டது. ஆட்சி மாறச் சிலையின் இடமும் மாறியது. ஆயின் அவ்வைந்தாண்டுகளில் மட்டக்களப்பு வாவிக்கரையிற் கண்ணகியின் சடங்கு இடம் மாறவில்லை. ஆண்டுக்கொருமுறை கதவு திறக்கும் தெய்வத்தை அகற்றுதல் எவர்க்கும் எளிதன்று. வெட்டவெளியில் நிற்கும் சிலையை அகற்ற ஒரு கட்டளை போதும். உடைக்க ஓரிரவு போதும்.

இதனாற் பொதுச்சிலை வேண்டாவெனக் கூறுதல் பொருந்தாது. கோயிலுட் புகும் உரிமையும் சடங்கில் அமரும் முறையும் குலத்தாலும் குடியாலும் சமயத்தாலும் வரையறுக்கப்பட்டவை. நாற்சந்தியில் நிற்கும் சிலைக்கு அவ்வரையறை இல்லை. இந்துவும் இஸ்லாமியரும் கிறித்தவரும் பௌத்தரும் வாழும் நகரில், எல்லார்க்கும் பொதுவான நினைவிற்கு இடம் வேண்டும். குறைபாடு சிலையில் இல்லை. நான்காம் நிலையோடு நின்றுவிட்டதே குறை. திறப்புவிழா நாளிற் பொன்னாடையும் சொற்பொழிவும் நிறைந்தன. மறுநாள் முதல் அச்சிலையைப் பேணுபவர் எவர் என்னும் வினாவை எவரும் எழுப்பவில்லை.

பூங்காவும் நீர்ப்படையும்

அவ்வினாவிற்கு வாவிக்கரையிலேயே ஒரு விடை உண்டு. அது பூங்கா. புளியந்தீவின் வாவியோரத்துக் காந்திப் பூங்காவில் மாலைக் காற்று வாங்க வருவோர் அமர்கின்றனர். சிறுவர் ஓடி விளையாடுகின்றனர். போரின் பின், காணாமற்போன தம் மக்களைத் தேடும் தாய்மாரும், தொழில் வேண்டிய பட்டதாரிகளும், குறைகளை முறையிட வந்த பிறரும் அப்பூங்காவின் முன்னரே கூடி நின்றனர். நீதி வேண்டுவோர் காந்தியின் பெயருள்ள இடத்தை நாடி வருதல், எந்தப் பொன்னாடையிலும் மேலான வாழ்த்தாகும். அவ்விடத்தில் நினைவு கல்லினின்று இறங்கி மக்களிடையே நடமாடுகின்றது.

பூங்காவிற்குச் சிலைக்கில்லாத ஒரு பண்பு உண்டு. சிலை பல்லாண்டு கவனிப்பாரின்றியும் நிற்கும். அதனாலேயே மறக்கவும் படும். பூஞ்செடியோ ஒரு கோடையிலே வாடிவிடும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னஞ்சோலைகளையும் நிழல்மரங்களையும் வீழ்த்தியது. அதன்பின் இந்நகரில் நிழல் தந்த ஒவ்வொரு மரமும், ஒருவர் நட்டு, ஒருவர் காத்து, ஒருவர் நீர்விட்டதனால் வளர்ந்தது. சிலைக்கு நீர்ப்படை ஒரு நாள்; பூங்காவிற்கு நாடோறும் நீர்ப்படை. ஆதலின் சிலையைச் சந்தியின் தனிமையில் நிறுத்தாது பூங்காவின் நடுவே நிறுத்துவோர், அதனைப் பேணும் கையையும் உடன் நட்டவராவர்.

பனிச்சங்கேணியின் குழைப்பந்தல் கலைந்தும் மீள எழுகின்றது. கண்ணகையின் கதவு மூடியும் மீளத் திறக்கின்றது. கூத்தனின் முடி பெட்டிக்குட் சென்றும் மீள ஒளிர்கின்றது. இம்மூன்றும் மக்கள் கையால் மீள்பவை. புளியந்தீவின் கற்சிலைகளும் அவ்வாறு மீளுதல் வேண்டும். விபுலானந்தர் சிலைக்கு மாலை சூட்டுதலோடு அமையாது, அவ்வாண்டு யாழ்நூலின் ஓரியலையேனும் ஒரு பள்ளி பயிலுமாயின், புலவர்மணி சிலையடியில் அவர் வெண்பாக்களை மாணவர் ஓதுவராயின், ஓல்ட் பாதிரியார் சிலைக்கெதிரே எல்லாச் சமயத்துச் சிறாரும் கல்வியின் பெயரால் ஒருமுறை கூடுவராயின், ஆறாம் நிலையாகிய வாழ்த்தல் நிறைவெய்தும். கல்லை நாட்டப் பொருள் வேண்டும். அதனைக் காக்க வேண்டுவது, நாள்தோறும் அவ்வழியே நடந்து செல்வோரின் நெஞ்சம்.